டெஸ்டர் தம்பி தேடிய கீச்சுச் சத்தம்

என் தம்பியைப் பெயர் சொல்லிக் கேட்டால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. டெஸ்டர் என்று கேளுங்கள், வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். மற்றவர்கள் பேனா குத்துகிற சட்டைப் பையில் அவன் கரண்டு பார்க்கிற டெஸ்டரைக் குத்தியிருப்பான். அவன் கல்யாணத்தன்று அதை எடுத்து வையடா என்று நான் பின்னாலேயே அலைந்தேன். சரிக்கா, சரிக்கா என்றான். போட்டோ வந்ததும் பார்த்தால் பையில் அது இருக்கிறது, மாப்பிள்ளைத் தோழன் மாதிரி.

நாங்கள் மூன்று பேர். நான் மூத்தவள். எனக்கு அடுத்தவள் தங்கை. கடைக்குட்டி இவன். இவனுக்கு நினைவு தெரியுமுன்பே அம்மா போய்விட்டாள். அப்பா சுண்ணாம்புச் சூளையில் வேலை பார்த்தவர். எனக்குக் கல்யாணமாகி அடுத்த தெருவுக்கு வந்த பிறகு அவர் படுக்கையில் விழுந்தார். புழுதி போய்ப் போய் நெஞ்சு இறுகிவிட்டது என்றார் டாக்டர். அப்பாவைப் பார்த்துக்கொண்டதெல்லாம் தங்கைதான். முதுகைத் தடவிவிடுவாள், தலையணையை உயர்த்தி வைப்பாள், அவர் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். மூச்சை இழுக்கும்போது அப்பாவின் நெஞ்சுக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு கீச்சுச் சத்தம் வரும். எண்ணெய் காணாத கதவை யாரோ தூரத்தில் திறக்கிற மாதிரி. அந்தச் சத்தம் எவ்வளவு நீளம் என்பதை வைத்தே அன்றைக்கு அவருக்கு உடம்பு எப்படி என்று தங்கை சொல்லிவிடுவாள். அதே அறையின் மூலையில் படுத்து வளர்ந்த தம்பிக்கும் அந்தச் சத்தம் மனப்பாடம். அப்பா போன பிறகும் அது அவர்கள் இரண்டு பேர் காதையும் விட்டுப் போகவில்லை.

தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை. சினிமா தியேட்டரில் ஆபரேட்டருக்குக் கையாளாகச் சேர்ந்து, கடைசியில் அங்கே இருந்த ஆம்ப்ளிஃபயர்களை முழுக்க அவன்தான் பார்த்துக்கொண்டான். அப்போதெல்லாம் அவற்றில் வால்வுதான். கண்ணாடிக் குப்பிக்குள் சிவப்பாக ஒரு இழை எரியும். அது சூடேறினால்தான் படத்தில் ஆள் பேசும். தியேட்டர்காரர் புது மிஷின் வாங்கியபோது மிச்சமிருந்த வால்வுகளையும் கண்டன்சர்களையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டு இவன் தலையில் கட்டிவிட்டார். பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் ஏற்றியபோது அவன் பெண்டாட்டி கேட்டாள்:

"என் புடவைக்கு இடமில்லை. இந்தக் கண்ணாடிக்கெல்லாம் அலமாரியா?"

"புடவை விழுந்தா உடையாது. இது விழுந்தா உடைஞ்சிடும்" என்றான் இவன்.

தங்கையின் வீட்டுக்காரர் இரும்பு பவுண்டரியில் வேலை. வார்த்தெடுத்த இரும்பில் ஒட்டியிருக்கிற கசடு போக, மணலைக் காற்றோடு சேர்த்துப் பீய்ச்சி அடிப்பார்கள். அதற்கென்று ஜன்னல் இல்லாத ஓர் அறை. மணல் அறை என்று பெயர். மூக்குக்கு ஒரு துணியைக் கட்டிக்கொண்டு அதற்குள்தான் அவருக்கு நாள் முழுக்க வேலை. வெளியே வரும்போது இமை, புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். "வாங்க கிழவா" என்பாள் தங்கை. அவருக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை.

எங்கள் வீட்டுக்கு அவர் கடைசிவரை மாப்பிள்ளைதான். நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். ஆனால் வந்து சேர்ந்த நாளிலிருந்து அவர் தங்கைக்குப் புருஷனாக இருந்ததைவிடத் தம்பிக்கு அத்தானாக இருந்த நேரம்தான் அதிகம். அப்பா இல்லாத பிள்ளை, அண்ணன் இல்லாத பிள்ளை. அத்தான் என்றால் அவனுக்கு எல்லாம்.

சாப்பாட்டுப் பையில் மாப்பிள்ளை ஒரு மவுத் ஆர்கனும் வைத்திருப்பார். "மத்த வாத்தியத்துல ஊதினாத்தான் சத்தம், மச்சான். இதுல மூச்சை இழுத்தாலும் பாட்டுதான். நாள் முழுக்க அந்த ரூம்ல மூச்சை அடக்கி அடக்கி இருக்கேன். சாயங்காலம் இதை வச்சாத்தான் எனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கிறது தெரியுது" என்பார்.

பவுண்டரிக்குள் தொழிலாளர் மன்றம் ஒன்று இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் நாலைந்து பேர் கூடி வாசிப்பார்கள். கடைசல் பிரிவுக்காரர் ஒருவர் கிட்டார், கேண்டீன் மாஸ்டர் டிரம், இவர் மவுத் ஆர்கன். டிரம் அடிக்க ஆரம்பித்தால் மவுத் ஆர்கன் காணாமல் போய்விடும்.

"அண்ணே, நீங்க வாசிக்கிறீங்களா, கையை வச்சு வாயைத் துடைக்கிறீங்களான்னே எனக்குப் புரியலை" என்று கேண்டீன் மாஸ்டர் ஒருநாள் எல்லார் முன்பும் கேட்டுவிட்டார். மாப்பிள்ளை சிரித்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை என்று தங்கை என்னிடம் சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஹோட்டலில் பாட்டுக் கச்சேரியை நிறுத்திவிட்டு, கிட்டாருக்கு வைத்திருந்த பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரை மன்றத்துக்குக் கொடுத்தார்கள். கிட்டார்காரரிடம் நல்லது இருந்ததால் அது மாப்பிள்ளைக்கு வந்தது. பஸ் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு பழைய மைக்கும் கிடைத்தது. பச்சை நிறம், ஒரு கைப்பிடி அளவு, தவளை உட்கார்ந்த மாதிரி. மவுத் ஆர்கனையும் அதையும் சேர்த்து இரண்டு உள்ளங்கைக்குள் சந்து விடாமல் பொத்திப் பிடித்து வாசிக்க வேண்டும். முதல் நாள் பொத்தினார் பாருங்கள், பெட்டி 'ஊ' என்று ஒரு ஊளை போட்டது. கேண்டீன் மாஸ்டர் டிரம் குச்சியைக் காதுக்குள் விட்டுக்கொண்டார். வாட்ச்மேன் நாய் அன்றைக்குப் போனது திங்கட்கிழமைதான் திரும்பியது.

பெட்டியைத் தங்கை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்து, பின்பலகையைக் கழற்றிப் போட்டான் தம்பி. நானும் அங்கேதான் இருந்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டான், அப்படியும் யாரையும் கிட்ட விடவில்லை.

"கரண்டுதான் இல்லையேடா?" என்றாள் தங்கை.

"கரண்டு போனாலும் கண்டன்சருக்குள்ள அடி இருக்கும், சின்னக்கா. உன் கோபம் மாதிரி. இறக்கிட்டுத்தான் கை வைக்கணும்." ரெசிஸ்டன்ஸ் கட்டிய ஒரு வயரை அங்கே இங்கே தொட்டு அதைத் தரைக்கு இறக்கினான்.

"அப்ப அத்தானையும் அந்த வயரால தொட்டு வைடா, எப்பப் பார்த்தாலும் வாசிச்சிட்டே இருக்காரு" என்றாள் அவள். அன்றைக்கு வீடே சிரித்துக் கிடந்தது.

அவன் செய்த வேலையை அவன் சொன்ன மாதிரியே சொல்கிறேன். கிட்டார் கம்பியில் பிறக்கிற சத்தம் துளிதான். அதனால் அந்தப் பெட்டி வந்ததையெல்லாம் பல மடங்காகப் பெருக்கும். மைக்கை வாயோடு பொத்தினால் அதற்குக் குடம் குடமாகக் கொட்டுகிறது. ஸ்பீக்கரில் வந்த சத்தம் திரும்ப மைக்குக்குள் போய், மறுபடி வந்து, மறுபடி போய், ஊளையாகிறது. அதனால் முதல் வால்வை எடுத்துவிட்டு, தகரப் பெட்டியிலிருந்து அதே காலுள்ள, ஆனால் பலம் குறைந்த வால்வு ஒன்றைப் போட்டான். மைக் நுழைகிற இடத்தில் பெரிய ரெசிஸ்டன்ஸ் ஒன்றை வைத்தான், இல்லாவிட்டால் அந்த மாதிரி மைக்கில் கனமான சத்தமெல்லாம் வாசலிலேயே செத்துவிடுமாம். கிட்டார் பளிச்சென்று கேட்க வைத்திருந்த சின்னக் கண்டன்சரை வெட்டிவிட்டு, ஒரு வால்விலிருந்து அடுத்த வால்வுக்குச் சத்தத்தைக் கடத்துகிற கண்டன்சரைப் பெரிதாக்கினான். மாற்றுவான், அத்தானை வாசிக்கச் சொல்வான், தலையைச் சாய்த்துக் கேட்பான், இறக்குவான், மறுபடி மாற்றுவான். எத்தனை ஞாயிற்றுக்கிழமை போனது என்று எனக்கு நினைவில்லை.

அது சரியான நாளில் மாப்பிள்ளை பொத்தி ஊதியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நல்ல கட்டையான ஆண் குரல் ஒன்று அழுதுவிட்டுப் பேச ஆரம்பித்த மாதிரி இருந்தது. தகர வாத்தியத்துக்குள்ளிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று யார் கண்டது? அடுத்த சனிக்கிழமை கேண்டீன் மாஸ்டர் டிரம்மை நிறுத்திவிட்டு, "அண்ணே, மன்னிச்சிடுங்க" என்றாராம். மாப்பிள்ளை அதை வந்து நடித்துக் காட்டினார். குச்சிக்குப் பதில் இரண்டு கரண்டி.

ஒரு வருஷம் போலக் கழிந்திருக்கும். பெட்டியில் ஏதோ குறை வந்துவிட்டது என்று தம்பி அதை மறுபடி திறந்தான். பாட்டுக்கு நடுவே, இரண்டு சுரத்துக்கு இடையில், மெல்லிசாக ஒரு கீச்சு. வால்வுதான் உளறுகிறது என்று வால்வை மாற்றினான். போகவில்லை. கண்டன்சர் கசிகிறது என்று மூன்று கண்டன்சரை மாற்றினான். பிறகு வால்வு உட்காருகிற குழிகளைத் துடைத்தான், ஒவ்வொரு ஈயப் பற்றையும் உருக்கித் திரும்ப வைத்தான், ஸ்பீக்கர் காகிதத்தில் கிழிசல் உண்டா என்று விளக்கைப் பிடித்துப் பார்த்தான். அப்போதும் கீச்சு இருந்தது. சாப்பிடும்போதும் அதே பேச்சு. அவன் பெண்டாட்டி என்னிடம் வந்து, "உங்க தம்பி என்னைவிட அந்தப் பெட்டியோடதான் குடும்பம் நடத்துறாரு, அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கடைசியாக ஒருநாள் மைக்கைத் தானே வாயில் பொத்திக்கொண்டு மவுத் ஆர்கனை ஏனோதானோ என்று ஊதிப் பார்த்தான். கீச்சு இல்லை. அத்தானிடம் கொடுத்தான். இருந்தது. திரும்ப வாங்கி ஊதினான். இல்லை.

"ஊதாதீங்க அத்தான். வாத்தியம் வேணாம், மைக்கை மட்டும் வாய்ல பொத்தி மூச்சை இழுங்க."

மாப்பிள்ளை இழுத்தார். ஸ்பீக்கரில் தூரத்தில் கதவு திறந்தது. எண்ணெய் காணாத கதவு.

அன்றைக்குத் தங்கை என் வீட்டில் இருந்தாள். கூடத்தில் அவர்கள் இரண்டு பேர் மட்டும். என்ன பேசினார்கள் என்பதைத் தம்பி பல வருஷம் கழித்து என்னிடம் ஒருமுறை சொன்னான், ஒரே முறை.

"இது அப்பாவோட மூச்சு அத்தான்" என்று சொன்னானாம் இவன்.

"தெரியும். கொஞ்ச நாளாவே தெரியும்" என்றாராம் அவர். "உங்க சின்னக்கா காதுல இது விழுந்தா என்ன ஆகும்னு உனக்குச் சொல்லணுமா, மச்சான்? அன்னைக்கே என்னைப் படுக்கையில போட்டுத் தலையணையை உசத்தி வச்சிடுவா. மவுத் ஆர்கனைக் கொண்டுபோய் எங்கயோ ஒளிச்சிடுவா. அவ ஒருதடவை பார்த்தாச்சு. இன்னொரு தடவை அவளை உட்கார வைக்காதே. கொஞ்ச நாள் போகட்டும், நானே சொல்றேன்."

"டாக்டர்கிட்டயாவது…"

"போறேன்டா. போக மாட்டேன்னா சொன்னேன்? நீ முதல்ல இந்தச் சத்தத்தை எடு. உன்னால முடியாததா?"

முடியாததில்லை. அங்கேதான் என் தம்பி தவறினான். இரண்டாவது வால்விலிருந்து தரைக்கு ஒரு கண்டன்சரைப் பற்றவைத்தான். மெல்லிய மேல் சத்தமெல்லாம் அந்த வழியாகத் தரைக்குப் போய்விடும், கனமானது மட்டும் ஸ்பீக்கருக்கு வரும். கீச்சு போய்விட்டது. சனிக்கிழமை வாசித்தபோது, சத்தம் இன்னும் கனமாகிவிட்டது, தேன் மாதிரி இருக்கிறது என்று எல்லாரும் பாராட்டினார்கள். சில மாதம் கழித்து அதையும் மீறிக் கீச்சு கேட்டது. அதைவிடப் பெரிய கண்டன்சராகப் போட்டான். அப்புறம் அதையும் எடுத்துவிட்டு இன்னும் பெரியது. பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆனது. அதையும் பாராட்டினார்கள்.

நீங்கள் கேட்கலாம், ஒரே வீட்டில் இருக்கிறவளுக்கு எப்படிக் கேட்காமல் போனது என்று. அவள் பக்கத்தில் போனால் மாப்பிள்ளை இருமுவார். அவர் வேலைக்கு இருமல் புதிதில்லை. ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் வீட்டில் வாசிப்பதை நிறுத்திவிட்டார். தலைமாட்டில் ஒரு பழைய டேபிள் ஃபேன் இருந்தது, டடக் டடக் என்று அடித்துக்கொள்ளும். அந்தச் சத்தம் இருந்தால்தான் தூக்கம் வருகிறது என்று சொல்லிவிட்டார்.

"ஊர்ல இருக்கிற ஃபேனையெல்லாம் சரி பண்றே, கூடப் பிறந்தவ வீட்டு ஃபேன் கழுதை மாதிரி கத்துது. ஒரு சொட்டு எண்ணெய் விடக் கூடாதா?" என்று தம்பியை என் எதிரிலேயே கேட்டாள் தங்கை.

"நாளைக்குச் சின்னக்கா" என்றான். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். சோம்பேறி என்று நானும் சேர்ந்து திட்டினேன்.

ஒருநாள் அவன் சொல்லிவிடுவது என்றுதான் போனான். தங்கை கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். இவன் போய் ஒரு பக்கம் நின்றான். அவள் பிழிந்து கொடுக்கக் கொடுக்க இவன் உதறிப் போட்டான். மாப்பிள்ளையின் வேலைச் சட்டை வந்தது. எத்தனை முறை அலசினாலும் மடிப்பில் மணல் இருக்கும்.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

"ஒண்ணுமில்லை. பெட்டில ஃபியூஸ் போயிடுச்சு, அதான்."

"ஃபியூஸுக்கா இந்த மூஞ்சி? நான்கூட யாருக்கோ என்னமோன்னு நினைச்சேன்" என்று சிரித்தாள். இவனும் சிரித்தான். அதோடு வந்துவிட்டான்.

பவுண்டரியின் ஆண்டு விழாவுக்குக் குடும்பத்தோடு போனோம். பெரிய மண்டபம். தங்கையும் நானும் மூன்றாவது வரிசை. மேடை ஓரத்தில் தம்பி அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். இரண்டாவது பாட்டு நடுவில் பெட்டிக்குள் பட்டென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை. பவர் வால்வு போய்விட்டது. தம்பி பின்பலகையைக் கழற்றுவதற்குள் மண்டபத்து மைக்செட்காரர் அவசரமாக வந்து, தவளை மைக்கின் வயரைப் பிடுங்கித் தன்னுடைய புதுக் கருவியில் குத்திவிட்டார். நல்லெண்ணத்தில்தான். தம்பி, "வேணாம், அதுல குத்தாதீங்க" என்று கத்தினான். அவன் கத்தியதைப் பார்த்து, ஷாக் அடிக்குமோ என்று மைக்செட்காரர் கையை உதறினார். ஆனால் குத்தியாகிவிட்டது.

மாப்பிள்ளைக்கு இது எதுவும் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அடுத்த அடியைத் தொடங்க மூச்சை இழுத்தார். மண்டபத்தின் நாலு மூலையிலும் ஸ்பீக்கர். நாலு மூலையிலும் அந்தக் கதவு திறந்தது. பாட்டு ஒரு வரி, கதவு ஒருமுறை. பாட்டு ஒரு வரி, கதவு ஒருமுறை.

மற்றவர்கள் கைதட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? தங்கை என் மணிக்கட்டைப் பிடித்தாள். "அக்கா, அப்பா" என்றாள். அவ்வளவுதான். எழுந்து, ஆட்களின் முழங்காலை இடித்துக்கொண்டு நடந்து, மேடையில் ஏறி, வாசித்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து மைக்கையும் மவுத் ஆர்கனையும் சேர்த்து வாங்கினாள். "வீட்டுக்குப் போலாம் வாங்க" என்றாள். அந்த மைக் அப்போதும் இணைப்பில்தான் இருந்தது. அவள் சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் மார்பு எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். இரண்டு பக்கமும் மணல் தூவின மாதிரி வெள்ளை வெள்ளையாக இருந்தது. "உள்ளே போன மணலை எடுக்க மருந்து கிடையாதும்மா. ஆனா இரண்டு வருஷம் முன்னாடியே அந்த அறையை விட்டு வெளியே வந்திருந்தா இவ்வளவு வேகமா முத்தியிருக்காது. மூச்சுல சத்தம் வந்திருக்குமே, யாரும் கவனிக்கலையா?" என்று கேட்டார் டாக்டர். தங்கை தன்னைத்தான் நொந்துகொண்டாள். அப்பாவின் மூச்சைக் கேட்ட காது, கட்டினவர் மூச்சைக் கேட்காமல் செத்தா போயிருந்தது என்று என் மடியில் விழுந்து அழுதாள். தம்பி அங்கேதான் சுவரோரம் நின்றான். சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்துக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம் மாப்பிள்ளை ஒன்றரை வருஷம் இருந்தார். தலையணை உயர்ந்துகொண்டே போனது. தங்கை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள், முன்பு போலவே. தம்பி தினமும் வருவான், காலைப் பிடித்துவிடுவான், போவான். முடிகிற தறுவாயில் மாப்பிள்ளை, அவர் நல்ல மனசு, மச்சானுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு தங்கையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்.

"மச்சானை ஏசாதே. அவன் அப்பவே சொல்லணும்னுதான் சொன்னான். நான்தான் சத்தத்தை எடுக்கச் சொன்னேன்."

தங்கைக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. ஏசாதே என்று சொன்ன பிறகுதான் ஏசுவதற்கு ஒன்று இருப்பதே தெரிந்தது. அவள் ஏசவில்லை. அவரை அனுப்பிவைத்து, எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பும் வரை பொறுத்திருந்தாள். பிறகு தம்பியை உள்ளே கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நான் கேட்டிருக்க வேண்டிய சத்தத்தை எங்கேடா ஒளிச்சு வச்சே?"

அவன் பெட்டியைத் திறந்து, தான் பற்றவைத்த கண்டன்சரைக் காட்டினான். வேறு என்ன செய்வான்? அவள் ஒரு போர்வையை எடுத்துப் பெட்டியின் மேல் போட்டாள். அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினாள்.

நிறுத்தினாள் என்றால் சண்டை கிடையாது. என் வீட்டு விசேஷங்களுக்கு இரண்டு பேரும் வருவார்கள். "அக்கா, வந்தவங்களைச் சாப்பிடச் சொல்லு" என்பாள் அவன் எதிரிலேயே. "பெரியக்கா, சாப்பிட்டாச்சுன்னு சொல்லு" என்பான் அவன். நடுவில் நான் ஒரு டெலிபோன் கம்பம் மாதிரி நிற்பேன். வருஷக்கணக்காக நின்றேன். தியேட்டரை மூடினார்கள், தம்பி மோட்டார் ரிப்பேருக்குப் போனான். ஆம்ப்ளிஃபயர் என்று யார் கொண்டுவந்தாலும் தொட மாட்டான். அலமாரியிலிருந்த தகரப் பெட்டியை அவனே இறக்கிப் பழைய சாமான்காரரிடம் போட்டான். புடவைக்கு இடம் கிடைத்தது. "எனக்கு அந்த இடமே வேண்டாம், அண்ணி. அவரு முன்ன மாதிரி அதைக் கட்டிக்கிட்டுக் கிடந்தாப் போதும்" என்று அழுதாள் அவன் பெண்டாட்டி.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், என் பேத்திக்கு நிச்சயம் பேசின அன்று, தம்பிக்குச் சளி. கூடத்தில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தான். சமையலறையில் இருந்த தங்கை கையில் எடுத்த டம்ளரை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். நாலு நாள் கழித்து என்னிடம், "அவனை அந்தப் பெட்டியைச் சரி பண்ணிக் கொடுக்கச் சொல்லு" என்றாள்.

நானும் கூடப் போனேன். போர்வையை எடுத்தான். அத்தனை வருஷம் கரண்டு காணாத பெட்டி, அப்படியும் முதலில் வயரைத் தொட்டு இறக்கினான். பழக்கம். தங்கை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அந்தக் கண்டன்சரை எடு" என்றாள். நேரே அவனிடம். அத்தனை வருஷத்துக்கு அப்புறம் அவள் அவனிடம் பேசியது அதுதான்.

வெட்டி எடுத்தான். பழுப்பு நிறத்தில், விரல் தடிமன் இருந்தது. அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு ஜன்னலில் வைத்தாள். ஆண்டு விழாவன்று வெடித்த வால்வுக்கு வேறு ஒன்றை எங்கோ அலைந்து வாங்கி வந்திருந்தான், அதைப் போட்டான். இழை சிவந்தது. தவளை மைக்குக்கு வயசாகிவிட்டது, உயிர் இருந்தும் பலமில்லை என்று சத்தத்தைக் கூட்டி வைத்தான்.

"இப்ப அதைப் பொத்தி மூச்சை இழு."

"நானா, சின்னக்கா?"

"வேற யாரு இருக்கா?"

அவன் பொத்திக்கொண்டு இழுத்தான். விட்டான். இழுத்தான். தங்கை நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் காதை வைத்தாள். தலைமுடி எல்லாம் வெளுத்துவிட்டது அவளுக்கு.

"ஏதோ இரையுது."

"அது பெட்டியோட இரைச்சல். பவர் கண்டன்சர் காஞ்சுபோச்சு, அதான் ம்ம்முன்னு வருது."

"பொய் சொல்றே."

"சத்தியமாச் சின்னக்கா. இதோ பாரு." மைக்கைக் கட்டிலில் வைத்துவிட்டு வாசல்வரை போய் நின்றான். "நான் இங்கே நிக்கிறேன். இப்பவும் இரையுது பாரு."

இரைந்தது. எனக்கே புரிந்தது. அவளுக்கும் புரிந்துதான் இருக்கும். ஆனால் அவள் தலையை ஆட்டினாள்.

"நீ எங்க நின்னா என்ன? அந்தப் பெட்டியை நீ என்ன சொல்ல வைக்கணுமோ அதைச் சொல்ல வைப்பே. எனக்குத் தெரியாதா? செருப்பை மாட்டு. படம் எடுத்துட்டு வரலாம்."

அவன் செருப்பை மாட்டினான். மூன்று பேரும் ஆட்டோவில் போனோம். படத்தில் ஒன்றுமில்லை, வெறும் சளிதான் என்றார் டாக்டர். தங்கை படத்தை வெளிச்சத்தில் பிடித்துத் தானும் ஒருமுறை பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். வீட்டுக்கு வந்து அவனுக்குச் சாப்பாடு போட்டாள், தன் கையால், என்னைக் கூப்பிடாமல். அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உள்ளே அந்தப் பழைய ஃபேன் டடக் டடக் என்று ஓடிக்கொண்டிருந்தது.

"எண்ணெய் விட்டுட்டுப் போகவா?" என்று கேட்டான்.

"வேண்டாம். அது இல்லைன்னா எனக்குத் தூக்கம் வராது" என்றாள்.

அதிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை அவனைப் படம் எடுக்கக் கூட்டிப் போகிறாள். பேசுகிறாள், சாப்பாடு போடுகிறாள், அவன் பெண்டாட்டி ஊருக்குப் போனால் துணிகூடத் துவைத்துக் கொடுக்கிறாள். உடம்பு எப்படிடா என்று மட்டும் அவனைக் கேட்பதில்லை. நல்லா இருக்கேன் என்று அவன் தானாகச் சொன்னாலும் காதில் வாங்குவதில்லை. அத்தான் போன வயசைத் தாண்டி அவனும் கிழவனாகிவிட்டான். போன மாதம் நானும் கூடப் போயிருந்தேன். உள்ளேயிருந்து படம் எடுக்கிறவர், "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று அவனுக்குச் சொன்னது வெளியே பெஞ்சில் எங்களுக்குக் கேட்டது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். தங்கையும் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் விடச் சொன்ன பிறகும், அவன் சட்டையை மாட்டிக்கொண்டு, பையில் டெஸ்டரோடு கதவைத் திறந்து வெளியே வரும்வரை அவள் மூச்சை விடவில்லை.